‘எவடம்?’ என்று கேட்பதற்கு முன்: யாழ்ப்பாணத்து வாட்டில் தாதியருக்கான குறிப்புகள்

யாழ்ப்பாணத்தில் தாதிய வேலை செய்கிறவர்களுக்குப் பெரும்பாலான நோயாளரோடு மொழிப் பிரச்சினை இல்லை. அதனாலேயே நாங்கள் கேட்காமல் விடுபவை அதிகம். வெளிநாட்டவர் ஒருவர் வாட்டுக்கு வந்தால் என்ன சாப்பிடுவார், எதற்குக் கூச்சப்படுவார், முடிவெடுக்க யாரைக் கேட்பார் என்று விசாரித்து எழுதுகிறோம். குருநகரில் இருந்தோ வடமராட்சியில் இருந்தோ நெடுந்தீவில் இருந்தோ வருகிறவரிடம் அப்படிக் கேட்பதில்லை. எங்கட ஆக்கள்தானே, தெரியும்தானே என்று விட்டுவிடுகிறோம். ஆனால் ஒரே வரிசைக் கட்டில்களில் தோட்டக்காரர், கடற்றொழிலாளர், ஓய்வுபெற்ற அதிபர், 1990 ஒக்ரோபரில் வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் வாழ்ந்து திரும்பிய முஸ்லிம் தாய், மலையகத்தில் இருந்து வன்னிக்கு வந்து குடியேறிய குடும்பத்தவர், வீதி வேலைக்குத் தெற்கில் இருந்து வந்த சிங்கள இளைஞர் எல்லோரும் படுத்திருப்பார்கள். வருத்தம் என்பதையும் மருந்து என்பதையும் இவர்கள் ஒரே மாதிரி விளங்கிக்கொள்வதில்லை. மருத்துவ வாட், சத்திரசிகிச்சை வாட், பிரசவ வாட், நீரிழிவுக் கிளினிக் ஆகிய இடங்களில் திரும்பத் திரும்ப வருகிற சிக்கல்களையும் அவற்றுக்குக் கைகொடுக்கிற வழிகளையும் இங்கே எழுதுகிறோம்.

அனுமதிக்கும்போது கேட்கும் முகவரியிலேயே தொடங்கவேண்டும். எங்கள் ஊரில் அது சாதாரணக் கேள்வி அல்ல. “எவடம்? அதிலை எந்தப் பக்கம்? ஆற்றை ஆக்கள்?” என்று அடுக்கிக் கேட்டால், சாதியை அறியத்தான் கேட்கிறார்கள் என்பது சொல்லாமலே விளங்கும். தாதி அந்த நினைப்பில் கேட்காமல் இருக்கலாம். ஆனால் அந்தக் கேள்விக்குப் பிறகு முகமும் குரலும் மாறுவதைப் பலமுறை கண்டவர் உடனே ஒடுங்கிவிடுவார். பக்கத்துச் சந்தியின் பெயரை மட்டும் சொல்லி நிறுத்துவார், அல்லது உறவினர் வீட்டு விலாசத்தைக் கொடுப்பார். பிறகு டெங்கு என்று முடிவு வந்தால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வேறு ஊரில் வீடு தேடுவார். பிள்ளை பெற்ற தாய் என்றால் மருத்துவமாது வீட்டுக்குப் போய்ச் சேரமாட்டார். காசநோய் என்றால் கூட இருந்தவர்களைப் பரிசோதிக்கவே முடியாது.

இதற்கு வழி சுலபம். அடையாள அட்டையையும் கிளினிக் கொப்பியையும் வாங்கிப் பார்த்து எழுதுங்கள். இப்போது இருக்கும் இடம் வேறு என்றால், காரணத்தை முதலில் சொல்லிவிட்டுக் கேளுங்கள்: “துண்டு வெட்டி அனுப்பினாப் பிறகு உங்கட வீட்டுக்கு மருத்துவமாது வரவேணும். கிராம சேவையாளர் பிரிவு இலக்கம் தெரியுமோ?” ‘ஜே’ எழுத்தோடு வரும் அந்த இலக்கம் கிடைத்துவிட்டால் ‘எந்தப் பக்கம்’ என்று கேட்க வேண்டிய தேவையே இல்லை. பக்கத்துக் கட்டில்காரருக்குக் கேட்கும்படி உரக்கக் கேட்கவும் வேண்டாம். நியூசிலாந்தின் மவோரி இனத் தாதி இரிஹாபெட்டி ராம்ஸ்டன், பராமரிப்பு ஒருவருக்குப் பாதுகாப்பாக இருந்ததா என்று சொல்ல வேண்டியவர் அதைப் பெற்றுக்கொண்டவரே, கொடுத்தவர் அல்ல என்று வலியுறுத்தினார். “நான் அப்பிடி நினைச்சுக் கேக்கேல்லை” என்பது எங்கள் வாட்டுகளிலும் போதுமான பதில் அல்ல.

இதோடு சேர்ந்ததுதான் விளிப்பு. நீங்கள், நீர், நீ என்ற மூன்றும் எங்கள் நாக்கில் தன்பாட்டில் மாறும். வெள்ளை வேட்டிக்கு “இருங்கோ”, சாரத்துக்கு “இரும்”, கூலி வேலைக்காரருக்கு “இரு” என்று வருவதை ஒரு முழு நாள் வாட்டில் நின்று கவனித்தால் தெரியும். வயது வந்த நோயாளர் எல்லோருக்கும் ‘நீங்கள்’ என்பதை வாட்டின் விதியாகவே வைத்துக்கொள்வது நல்லது. முறை சொல்லி அழைப்பதற்கு முன்னர் “உங்களை எப்பிடிக் கூப்பிடட்டும்?” என்று ஒருதடவை கேளுங்கள். ஆச்சி, அப்பு என்று கூப்பிட்டால் குளிர்ந்துபோகிறவர்கள் உண்டு. முப்பது வருடம் படிப்பித்தவருக்கு ‘ரீச்சர்’ என்று கூப்பிட்டால்தான் தான் தானாக இருப்பதுபோல் இருக்கும். முஸ்லிம் தாய்மாரிடம் ‘உம்மா’ என்று சொல்லலாமா என்பதை அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

விரதத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். நீரிழிவுக் கிளினிக்கில் ‘சொல் கேளாத ஆள்’ என்று பெயர் வாங்குகிறவர்களில் பலர் உண்மையில் விரதகாரர்கள். எங்கள் பக்கத்துப் பஞ்சாங்கத்தைத் திறந்து பாருங்கள். நவராத்திரி ஒன்பது நாள். விஜயதசமியன்று கேதாரகௌரி விரதம் தொடங்கி 21 நாள் போய் ஐப்பசி அமாவாசையில் காப்புக் கட்டி முடிகிறது. மறுநாளே கந்தசஷ்டி ஆறு நாள். மூன்றையும் பிடிக்கிற ஒரு குடும்பத் தலைவி ஒரு மாதத்துக்கு மேல் உணவு நேரம் குழம்பிய நிலையில் இருப்பார். அதற்கு முன்னரே நல்லூர்த் திருவிழா 25 நாள். இந்தக் காலத்தில் கலவை இன்சுலினைக் காலையும் இரவும் வழக்கமான அளவில் போட்டுக்கொண்டு ஒருநேரச் சாப்பாட்டோடு இருந்தால் குளுக்கோஸ் இறங்கும். கிளிக்லசைட் போன்ற குளிசைகளும் இறக்கும். மெற்போர்மின் தனியே எடுப்பவருக்கு அந்த ஆபத்து குறைவு.

“விரதம் பிடிக்கிறனீங்களோ?” என்று கேட்டால் பேச்சு வருமே என்று “இல்லை” என்பார்கள். “இந்த முறை எந்த விரதம் பிடிக்கிறீங்கள்? எத்தினை மணிக்கு என்ன சாப்பிடுவீங்கள்?” என்று கேட்டால் விபரம் வரும். கந்தசஷ்டி என்ற ஒரே பெயருக்குள் மிளகும் தண்ணீரும் மட்டும் எடுப்பவர், இளநீர் மட்டும் குடிப்பவர், பாலும் பழமும் எடுப்பவர், இரவில் ஒருநேரம் சோறு சாப்பிடுபவர் எல்லோரும் இருக்கிறார்கள். நால்வருக்கும் மருந்து ஒரே மாதிரி இருக்கமுடியாது. மருந்தின் அளவை மாற்றுவது வைத்தியரின் பொறுப்பு. விரதத் திகதியை அவர் காதுக்கு முன்கூட்டியே கொண்டுபோவது எங்கள் பொறுப்பு. கிளினிக் மாதம் ஒருமுறை என்பதால், விரதத்துக்கு முந்திய கிளினிக் நாளிலேயே கொப்பியில் எழுதிவிடவேண்டும். கிளினிக் அறையில் ஒரு பஞ்சாங்கக் கலண்டரைத் தொங்கவிட்டு, இந்து, இஸ்லாமிய, கிறிஸ்தவ நோன்பு நாட்களை வருடத் தொடக்கத்திலேயே நிறமிட்டு வைப்பது செலவில்லாத வேலை.

விரதகாரருக்கு நாங்கள் சொல்லிக் கொடுப்பது இது. வேர்வை, நடுக்கம், நெஞ்சுப் படபடப்பு, கண் மங்கல் வந்தால் விரலில் குத்திக் குளுக்கோஸைப் பாருங்கள். டெசிலீற்றருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே என்றால், அல்லது குத்திப் பார்க்க வசதி இல்லை என்றால், மூன்று தேக்கரண்டி சீனியை அரைக் கிளாஸ் தண்ணீரில் கரைத்து உடனே குடியுங்கள். 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பாருங்கள். ஏறவில்லை என்றால் இன்னொருமுறை. பிறகு பாலோ பழமோ, விரதத்துக்குள் அடங்கும் ஏதாவது சாப்பிடவேண்டும். “பால் பழ விரதமாப் பிடிச்சாலும் முருகன் ஏற்றுக்கொள்ளுவார்” என்று தாதி சொல்வதை விட, அவர் போகும் கோயில் ஐயரிடமே கேட்டு வரச் சொல்வது கூடப் பலன் தரும். சமய விடயத்தில் அவர் நம்பும் வாயில் இருந்து வரும் சொல்லுக்குத்தான் எடை.

றமழானிலும் இதே முறைதான். நோயாளருக்கு நோன்பில் விலக்கு உண்டு என்பதை அவர்களே அறிவார்கள். அறிந்தும் பிடிக்க விரும்புகிறவரை வெருட்டினால், கிளினிக்குக்கு வருவதைத்தான் விடுவார். மெற்போர்மினைப் பொதுவாக நோன்பு திறக்கும் நேரத்துக்கும் விடியலுக்கு முந்திய சஹர் நேரத்துக்கும் பிரிக்கலாம். விரல் நுனியில் குத்திப் பார்ப்பதால் நோன்பு முறியாது என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். இந்த ஒரு பயத்தால் பகல் முழுவதும் பார்க்காமல் இருப்பவர்கள் இருக்கிறார்கள். 70க்குக் கீழே போனாலும் 300க்கு மேலே போனாலும் நோன்பைத் திறக்கவேண்டும் என்பது நீரிழிவு வழிகாட்டல். இன்னொன்று: புத்தளத்திலும் யாழ்ப்பாணத்திலும் மாறி மாறி இருக்கும் குடும்பங்களுக்கு இரண்டு இடத்திலும் கிளினிக் கொப்பி இருக்கும். இரண்டையும் கேட்டு வாங்கிப் பார்க்காவிட்டால் ஒரே குளிசை இரண்டு பெயரில் உள்ளே போகும்.

நல்லூரில் இன்னொரு ஆபத்து பாதத்தில் இருக்கிறது. பாத உணர்வு குறைந்த நீரிழிவு நோயாளர் மத்தியான வெயிலில் வெறுங்காலோடு வீதி சுற்றினால் கொப்புளம் போட்டதே தெரியாது. போகவேண்டாம் என்று சொன்னால் கேட்கமாட்டார்கள், கேட்கவேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. விடியற்காலைப் பூசைக்குப் போகச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்ததும் கால் கழுவி, விரலிடுக்கைத் துடைத்து, உள்ளங்காலை ஒரு கண்ணாடியில் பார்க்கச் சொல்லுங்கள். கொப்புளம் கண்டால் குத்தாமல் அடுத்த நாளே வரவேண்டும். கொடியேற்றத்துக்கு முந்திய கிளினிக்கில் மொனோபிலமென்ற் இழையால் பாத உணர்வைச் சோதித்துவிட்டால் யாருக்கு இதை அழுத்திச் சொல்லவேண்டும் என்பது முன்னமே தெரிந்துவிடும்.

பத்தியத்துக்கு வருவோம். அமெரிக்கத் தாதி மடலின் லைனிங்கர் 1950களில் இருந்து வளர்த்தெடுத்த பண்பாட்டுத் தாதியக் கோட்பாட்டில், ஒரு வழக்கத்தைக் கண்டால் தாதி மூன்றில் ஒன்றைச் செய்யலாம்: அப்படியே வைத்திருப்பது, பேசி இடங்கொடுத்து இசைப்பது, மாற்றுவது. எங்கள் வாட்டுகளில் நடுவில் உள்ளதைத் தொடாமல் நேரே மாற்றப் போவதே வழக்கம். ஒப்பரேசன் முடிந்தவருக்கு முட்டை குடுங்கோ, மீன் குடுங்கோ என்று சொல்லிவிட்டுப் போகிறோம். அவருடைய தாய்க்கோ அது புண்ணைச் சீழ்ப்பிடிக்க வைக்கும் கிரந்திச் சாப்பாடு. அவர் தலையாட்டிவிட்டுச் சோறும் இரசமும் கொடுப்பார். புண் ஆறப் புரதம் வேண்டும், அது கிடைக்காது.

அதற்குப் பதிலாக, “பத்தியத்துக்கு என்ன என்ன குடுக்கலாம்?” என்று கேளுங்கள். பட்டியல் அவர்கள் வாயிலேயே வரும்: பால்சுறா, ஒட்டி, திரளி, பயறு, உளுத்தமாக் களி, முருங்கையிலை. புரதம் முழுவதும் அதற்குள்ளேயே இருக்கிறது. இறாலையும் கணவாயையும் கத்தரிக்காயையும் பற்றி வாதாடத் தேவையே இல்லை. ஆறு வாரம் அவை இல்லாமல் புண் ஆறும். பிள்ளை பெற்றவருக்கும் அப்படித்தான். சரக்குக்கறி நல்லது, சுறா வறை நல்லது. சிக்கல், தண்ணீரைக் குறைப்பதில் இருக்கிறது. 31 துடக்குக் கழியும் வரை தண்ணீர் கூடக் குடித்தால் வயிறு வைக்கும் என்று சில வீடுகளில் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று கிளாஸோடு நிறுத்திவிடுவார்கள். மலச்சிக்கல், சலக்கடுப்பு எல்லாம் பின்னாலே வரும். குளிர்ந்த தண்ணீர் வேண்டாம் என்றால் இளஞ்சூட்டுத் தண்ணீரும் மல்லித் தண்ணீரும் கொடுக்கலாம். ஒரு நாளைக்கு எட்டுத் தொடக்கம் பத்துக் கோப்பை என்று அம்மம்மாவிடம் கணக்கை ஒப்படையுங்கள். இளந்தாயிடம் சொல்லிப் பயனில்லை. அந்த வீட்டில் அடுப்படி யாருடைய கையில் இருக்கிறதோ அவரிடம்தான் சொல்லவேண்டும்.

மாற்றியே ஆகவேண்டியவையும் உண்டு. பிறந்த பிள்ளையின் நாக்கில் தேன் தொட்டு வைப்பது அதில் ஒன்று. ஒரு வயதுக்குள் தேன் ஆபத்தான நச்சுக் கிருமியைக் கொண்டுபோகலாம். “வேண்டாம்” என்று மட்டும் சொன்னால் வீட்டில் போய்ச் செய்வார்கள். சடங்கை வைத்துக்கொண்டு பொருளை மாற்றலாம்: தாயின் முதற்பாலில் ஒரு துளியை அம்மம்மா தன் விரலால் தொட்டு வைக்கட்டும், அதுவும் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிய பிறகு.

தாலியும் நூலும் ஒப்பரேசன் தியேட்டர் வாசலில் அழுகையை உண்டாக்குபவை. மின்னால் சூடுவைத்து வெட்டும் கருவி பாவிக்கும்போது உடலில் உலோகம் இருந்தால் எரிகாயம் வரலாம். இந்தக் காரணத்தை முதல்நாள் மாலையே சொல்லிவிட்டால் மனைவியும் கணவனும் பேசி முடிவெடுப்பார்கள். மஞ்சள் கட்டிய நூலைக் கழுத்தில் போட்டுக்கொண்டு தாலியைக் கணவனிடமோ தாயிடமோ கொடுப்பது பலருக்கு ஏற்புடையது. கொடுத்ததைப் பதிந்து இருவர் கையெழுத்து வைக்கவேண்டும். காலை ஆறு மணிக்குத் தள்ளுவண்டியில் ஏற்றிய பிறகு கழற்றச் சொல்வதுதான் தவறு. செபமாலை, தாயத்து ஆகியவற்றை ஒரு சிறிய பொலித்தீன் பையில் போட்டுக் கட்டில் தலைமாட்டில் கட்டலாம். கற்றறாக் (கண்புரை) ஒப்பரேசன் செய்தவருக்கு நெற்றியில் விபூதி வேண்டாம், தூள் கண்ணில் விழும், மார்பிலும் கையிலும் பூசலாம் என்று சொன்னால் யாரும் மறுப்பதில்லை. வடக்கே தலை வைத்துப் படுக்க மறுக்கும் முதியவரோடு சண்டை வேண்டாம். ஒட்சிசனோ மொனிற்றரோ இல்லை என்றால் தலையணையைக் கால்மாட்டுக்கு மாற்றிவிடுங்கள், இரவு நித்திரை கொள்வார். வெள்ளிக்கிழமை 10.30 முதல் 12 வரை இராகு காலம். வாட் ரவுண்ட் முடிந்து துண்டு வெட்டுகிற நேரமும் அதுதான். ஒரு மணித்தியாலம் இருந்து போகட்டும்; கட்டில் தேவை என்றால் வெளி வாங்கில் இருத்தி, அந்த நேரத்தில் மருந்து விளக்கத்தை ஆறுதலாகச் சொல்லுங்கள்.

போரைப் பற்றிக் கேட்காமல் எங்கள் மண்ணில் தாதியம் செய்யமுடியாது. எம்ஆர்ஐ எடுக்கும் முன் “உடம்பிலை இரும்பு ஏதும் இருக்கோ?” என்ற கேள்விக்குப் பலர் “இல்லை” என்பார்கள். பேஸ்மேக்கரையோ ஒப்பரேசனில் வைத்த தகட்டையோ பற்றிக் கேட்பதாக நினைப்பார்கள். “செல் துண்டு, சன்னம், குண்டுச் சிதறல் ஏதாவது உள்ளுக்கு இருக்கோ? எப்பவாவது காயப்பட்டனீங்களோ?” என்று நேரடியாகக் கேட்கவேண்டும். அதையும் தனியே கேட்கவேண்டும். எப்படிக் காயப்பட்டார் என்ற கதை அவருக்கு ஆபத்தானதாக இருக்கலாம். கல்யாணம் பேசும் வீடு, வேலை தேடும் வீடு என்று பல காரணம் இருக்கும். “எப்பிடிப் பட்டது எண்டு எனக்குத் தேவையில்லை, எவ்விடத்திலை இருக்கு எண்டு மட்டும் சொல்லுங்கோ” என்றால் போதும். சந்தேகம் இருந்தால் முதலில் எக்ஸ்றே. கண்ணுக்குப் பக்கத்திலோ முள்ளந்தண்டுக்குப் பக்கத்திலோ ஒரு சிறு துண்டு காந்தப் புலத்தில் அசைந்தால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

திருமண நிலை என்ற கட்டமும் அப்படியானதே. கணவர் காணாமல் ஆக்கப்பட்டவரிடம் “விதவையோ?” என்று கேட்பது, அவர் இத்தனை வருடமாக ஏற்க மறுத்துவரும் முடிவை ஒரு பேனையால் எழுதுவதாகும். பொட்டு வைத்திருக்கிறார் என்று “கணவர் எங்கை?” என்று கேட்பதும் அதே வலி. “வீட்டிலை உங்களோடை ஆர் இருக்கினம்? அவசரம் எண்டா ஆருக்கு அறிவிக்கட்டும்?” இந்த இரண்டு கேள்வியில் தாதிக்குத் தேவையான எல்லாம் வந்துவிடும். அவர் தானாகச் சொன்னால், அவர் சொன்ன சொல்லிலேயே எழுதுங்கள்.

சத்தத்துக்கும் சீருடைக்கும் வெருளுகிறவர்கள் இருக்கிறார்கள். 1987 ஒக்ரோபர் 21, 22ஆம் திகதிகளில் யாழ். பெரியாஸ்பத்திரிக்குள்ளேயே இந்தியப் படையினரின் சூட்டில் நோயாளரும் வைத்தியரும் தாதியரும் கொல்லப்பட்ட ஊர் இது. ஆஸ்பத்திரி எல்லோருக்கும் அடைக்கலமான இடம் என்று எடுத்துக்கொள்ளக்கூடாது. நித்திரையில் இருப்பவரைத் தொட்டு எழுப்பாமல் கால்மாட்டில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். ஜெனரேற்றர் போடப் போகிறார்கள், இரும்புத் தட்டு விழுந்த சத்தம்தான் அது என்று சொல்லுங்கள். இரவில் ஒரு சிறு வெளிச்சத்தை விட்டுவையுங்கள்.

மனவேதனை எங்கள் ஆட்களிடம் பெரும்பாலும் உடம்பாலேதான் பேசும்: “நெஞ்சு பாரமாக் கிடக்கு”, “தலைக்குள்ளை ஏதோ ஓடுது”, “ஒரே யோசினை”. ஆனால் இதைக் கேட்டவுடன் மனவருத்தம் என்று முடிவுகட்டுவதும் ஆபத்து. “வாய்வுக் குத்து” என்று சோடா குடித்துவிட்டு வரும் ஐம்பது வயதுக்காரருக்கு வந்த 10 நிமிடத்துக்குள் ஈசிஜி எடுக்கவேண்டும், அவர் பகிடி விட்டுக்கொண்டு இருந்தாலும் சரி. நீரிழிவு உள்ளவருக்கும் பெண்களுக்கும் மாரடைப்பு நோவே இல்லாமல் களைப்பாகவும் ஓங்காளமாகவும் வரலாம். நோவைச் சொல்லும் விதமும் ஆளுக்கு ஆள் வேறு. கத்துகிறவருக்கு நடிப்பு என்றும், பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்கிறவருக்கு நோவில்லை என்றும் எண்ணிவிடுவோம். 0 முதல் 10 வரை எண் கேட்டு முதியவரைக் குழப்பாமல் இருமச் சொல்லிப் பாருங்கள், திரும்பிப் படுக்கச் சொல்லிப் பாருங்கள். ஊசிக்கு அரை மணித்தியாலமும் குளிசைக்கு ஒரு மணித்தியாலமும் கழித்துத் திரும்ப வந்து அதையே செய்யச் சொல்லுங்கள்.

“இது ஏன் வந்தது எண்டு நினைக்கிறீங்கள்? இதிலை உங்களுக்குப் பெரிய பயம் என்ன? என்ன செய்தாச் சுகம் வரும் எண்டு நம்புறீங்கள்?” மனநல மருத்துவரும் மானிடவியலாளருமான ஆதர் கிளைன்மன் 1978இல் சக ஆய்வாளர்களோடு முன்வைத்த கேள்விகளின் சாரம் இது. வாட் ரவுண்ட் நேரத்தில் கேட்டால் பதில் வராது. மாலையில் பிரஷர் பார்க்கும்போது கேளுங்கள். செய்வினை என்பார்கள், நாவூறு என்பார்கள், கைதடியில் சித்த மருந்தும் எடுக்கிறோம் என்பார்கள். முகத்தைச் சுளிக்காமல் “என்ன மருந்து, எத்தினை நாளா?” என்று கேட்டு எழுதுங்கள். மறைத்து எடுக்கும் மருந்துதான் கூடுதலாகக் கெடுக்கும். குடியும் அப்படித்தான். மனைவிக்கு முன்னால் “குடிக்கிறேல்லை” என்றவருக்கு இரண்டாம் மூன்றாம் நாளில் கை நடுங்கி, இல்லாத ஆட்களோடு கதைக்கத் தொடங்கும். தனியே, “கடைசியா எடுத்தது எப்ப? கள்ளோ சாராயமோ?” என்று கேட்டால் பெரும்பாலும் உண்மை வரும்.

குடும்பம் எங்கள் பலம், ஆனால் ஒருவரைப் பெயர் சொல்லிப் பொறுப்பாக்க வேண்டும். பலர் நிற்கும் இடத்தில் ஒவ்வொருவரும் மற்றவர் பார்ப்பார் என்று இருந்துவிடுவதைச் சமூக உளவியலாளர்கள் ஜோன் டார்லியும் பிப் லட்டானேயும் 1968இல் பரிசோதனை செய்து காட்டினார்கள். பார்வையாளர் நேரத்தில் ஆறு பேர் கட்டிலைச் சுற்றி நிற்பார்கள். இன்சுலின் போடும் விதத்தை ஆறு பேருக்கும் காட்டினால் ஒருவருக்கும் தெரியாது. “நீங்கள்தான் போடப்போறது, இப்ப என்னைப் பார்க்க விட்டுச் செய்து காட்டுங்கோ” என்று ஒருவரைப் பிடியுங்கள். “விளங்கிச்சுதோ?” என்ற கேள்வியைக் கேட்கவே வேண்டாம். எங்கள் ஊரில் அதற்கு ஒரே பதில் “ஓம்”. “வீட்டை போய் மகளுக்கு எப்பிடிச் சொல்லுவீங்கள்?” என்று கேளுங்கள்.

முடிவெடுப்பவர் பல வீடுகளில் ரொறன்ரோவிலோ லண்டனிலோ இருக்கிறார். விடிய ஆறு மணிக்கும் இரவு பன்னிரண்டுக்கும் அழைப்பு வரும், ஒவ்வொரு பிள்ளையும் தனித்தனியே கேட்பார்கள். குடும்பம் ஒரு தொடர்பாளரைத் தெரிந்துகொள்ளட்டும். எங்கள் மாலை 6 மணி கனடாவின் ரொறன்ரோவில் காலை, லண்டனில் பகல். ஒரு வட்ஸ்அப் அழைப்பை அந்த நேரத்துக்கு வைத்தால் எல்லோரும் நித்திரை விழித்திருப்பார்கள். “அம்மாவுக்குப் புற்றுநோய் எண்டு சொல்லிப்போடாதேங்கோ” என்று மகன் கேட்பார். மறுக்கவும் வேண்டாம், வாக்குக் கொடுக்கவும் வேண்டாம். அம்மாவிடம் போய், “உங்கட வருத்தத்தைப் பற்றின விபரம் உங்களுக்கே சொல்லட்டோ, பிள்ளையளோடை கதைக்கட்டோ?” என்று கேட்டு, அவர் சொன்னதை எழுதி, சொல்லும் வேலையை வைத்தியரோடு சேர்ந்து திட்டமிடுங்கள். தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்கு மருந்தேற்ற அனுப்பும்போது அம்மாவுக்குப் பெரும்பாலும் விளங்கியே இருக்கும். பிள்ளைகளுக்காக அவர்தான் தெரியாததுபோல் இருப்பார்.

சிங்களம் மட்டும் பேசும் நோயாளருக்கும், தெற்கில் இருந்து இங்கே வேலைக்கு வந்த தாதியருக்கும் பொருந்துவது: நோயாளரின் பிள்ளையை மொழிபெயர்க்க வைக்கவேண்டாம், பெண்நோய் விடயத்தில் ஆண் உதவியாளரையும் வேண்டாம். மொழிபெயர்ப்பவரைப் பார்க்காமல் நோயாளரைப் பார்த்துச் சிறு சிறு வசனமாகப் பேசுங்கள். புதிதாக வரும் சகோதரத் தாதியருக்கு முதல் வாரத்திலேயே சத்தி, ஓங்காளம், தலைச்சுத்து, நாரி நோ, சலம், வயிற்றாலை போறது போன்ற எங்கள் வாட்டுச் சொற்களை எழுதிக் கொடுங்கள். மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பிக்கலாம் என்று அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 19ஆம் நூற்றாண்டில் மானிப்பாயில் செய்து காட்டினார். அப்படியிருந்தும் மருந்து உறையில் இன்னும் ஆங்கிலச் சுருக்கெழுத்தே வருவது எங்களுக்கு மனவருத்தம். சூரியனும் சந்திரனும் வரைந்து எத்தனை குளிசை என்று புள்ளி வைப்பதற்கு அரை நிமிடம் போதும்.

இறுதி நேரத்தில் வழக்கங்களைத் தேடிக்கொண்டு ஓடமுடியாது, முன்னமே கேட்டு வைக்கவேண்டும். கத்தோலிக்கருக்கு நோயில் பூசுதலுக்காக அறிவு தெளிவாக இருக்கும்போதே குருவை அழைக்கவேண்டும். முஸ்லிம்களுக்கு முகத்தை மக்காவின் திசையான கிப்லாவுக்குத் திருப்பவேண்டும். யாழ்ப்பாணத்தில் இருந்து அது மேற்கும் சற்று வடக்கும். உடலைக் கழுவுவது அதே பாலினத்தவர். கொவிட் காலத்தில் 2020இல் இருந்து 2021 பெப்ரவரி வரை முஸ்லிம்களின் உடல்களும் கட்டாயமாக எரிக்கப்பட்டன. அந்தப் பயம் இன்னும் போகவில்லை, உடலை எப்போது தருவோம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். இந்துக் குடும்பம் வாயில் பால் விட விரும்பினால், விழுங்க முடியாதவருக்குப் பஞ்சில் நனைத்து உதட்டில் தொட விடலாம். “வீட்டிலை சாகட்டும், விடுங்கோ” என்று கேட்பவரைப் பொறுப்பற்றவர் என்று எண்ணவேண்டாம். ஒட்சிசன், நோவுக்கு மருந்து, மருத்துவமாதுவுக்கோ குடும்ப வைத்தியருக்கோ ஒரு கடிதம் ஆகிய மூன்றையும் ஒழுங்குசெய்ய முடியுமா என்று பாருங்கள்.

கடைசியாக, நாங்கள் ஒருவருக்கொருவர் நோயாளரைக் கையளிக்கும் விதம். அடுத்தவர் செய்வதற்கு அவர் இருந்த நிலைமையைப் பாராமல் அவர் குணத்தையே காரணமாகக் காட்டும் பழக்கத்துக்குச் சமூக உளவியலாளர் லீ றொஸ் 1977இல் பெயர் வைத்தார். இரவுத் தாதி “ஏழாம் கட்டில் சரியான கரைச்சல்காரன்” என்று சொல்லிவிட்டுப் போனால், பகல் தாதி அந்தக் கட்டிலுக்குக் கடைசியாகப் போவார். அதையே இப்படிச் சொல்லிப் பாருங்கள்: “ஏழாம் கட்டில் இரவு ரெண்டு தரம் கனுலாவைக் கழற்றினவர். சலம் போக எழும்பேக்கை வயர் இழுத்ததாம். போத்தல் குடுத்தாப் பிறகு கழற்றேல்லை. விடியப்புறம் திரும்பவும் கேட்டவர், அப்ப போத்தல் இருக்கேல்லை.” ‘ஒத்துழைக்காதவர்’ என்ற சொல்லை நோயாளரின் பதிவேடான பெட் ஹெட் ரிக்கெட்டில் எழுதக்கூடாது என்று வாட்டில் முடிவெடுங்கள். என்ன செய்தார், எத்தனை மணிக்கு, ஏன் என்று அவர் சொன்னார், நாங்கள் என்ன செய்தோம் என்ற நான்கையும் எழுதுங்கள். ‘ஏன்’ என்ற இடம் வெறுமையாக இருந்தால், காலை மருந்து கொடுக்கும்போது அவரிடமே கேட்டு நிரப்புங்கள்.